மணப்பெண்ணுக்கு முதுகு காட்டுகிறவள்

ரோஸ்விதா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டுதான் காப்பி குடிப்பாள். அவள் வீட்டுச் சமையலறைச் சன்னலில் எல்பே ஆறும், அக்கரைக் காடும், காட்டுக்கு மேல் தலை நீட்டி நிற்கிற ‘மணப்பெண்’ பாறையும் சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். அந்தக் காட்சிக்காகவே மாடியறையை வெளியூர்க்காரர்கள் வாடகைக்குப் பிடிக்கிறார்கள். வீட்டுக்காரி மட்டும் அதற்கு முதுகைக் காட்டி, அடுப்பைப் பார்த்தபடி, ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்பாள். சன்னலுக்குத் திரையும் போடமாட்டாள். “மூடினா நான் பயந்துட்டேன்னு அவ நெனச்சுக்குவா,” என்பாள். அவள் என்றது பாறையை.

மனுஷிகளில் எவளும் அவளுக்குச் சக்களத்தியாக வரவில்லை. மணற்கல்லில் ஒருத்தி வாய்த்துவிட்டாள். அவள் புருஷன் வீலாண்ட், ஐம்பது வருஷத்துக்கு முன்னால், யாராலும் ஆகாது என்று எல்லோரும் கைவிட்ட மணப்பெண்ணின் மேற்கு முகத்தில் முதன்முதலாக ஏறியவன். வெறுங்காலோடு, இரும்பு ஆப்பு எதுவும் இல்லாமல், கயிற்றில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைப் பாறை வெடிப்பில் திணித்து, அதை நம்பித் தொங்கிய காலம் அது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் முடிச்சுதான் முறை. செத்துப் போவதற்கு முன் பத்து வருஷம் அதே சமையலறை மேசையில் உட்கார்ந்து தன் நினைவுகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அவன் போன பிறகு எங்கள் ஏறுவோர் சங்கம் அதைப் புத்தகமாகப் போட்டது. ‘விரலும் விளிம்பும்’ என்று பெயர். மூன்றாம் பதிப்பு ஓடுகிறது.

அந்தப் புத்தகம் ரோஸ்விதா வீட்டில் எங்கே இருக்கிறது என்று வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். சமையலறை மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கிறது. “இப்பவாவது எதையாவது தாங்கட்டும்,” என்பாள். கையெழுத்துக் கேட்டு நிற்கிறவர்கள் முகம் வெளிறிப் போவார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

எழுபது தாண்டிவிட்டாள். ஆனால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. முப்பது வருஷம் ஆரோக்கிய விடுதியின் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள்கள். கடைச் சட்டை எதுவும் தோளில் ஏறாது என்பதால் தன் சட்டையைத் தானே தைத்துக்கொள்கிறாள். புதிதாக யாரையாவது பார்த்தால் கண் முகத்துக்குப் போகாது, தோளுக்குப் போகும். ஊரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையை இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “பரவாயில்ல, சரியுற தோள் இல்ல,” என்று பெண்ணின் அம்மாவிடம் சான்றிதழ் கொடுத்தவள். பீர்ப் பெட்டியை இடுப்பில் வைக்கமாட்டாள், தோளில்தான். பாத்திரம் துடைக்கிற துணியை அவள் பிழிந்தால் அதில் ஈரம் என்று ஒன்று பாக்கி இருக்காது.

நான் எக்பர்ட். எதிர்வீடு. வாரத்தில் நாலு நாள் அவள் வீட்டில் காப்பி குடிக்கிறேன், நாலு நாளும் தண்டனை அனுபவிக்கிறேன். மற்றவர்களுக்குத் தார் மாதிரி காப்பி ஊற்றுவாள். எனக்கு மட்டும், கோப்பையின் அடியில் வரைந்திருக்கிற ரோஜாப்பூ இதழ் இதழாகத் தெரியும்படி ஒன்று ஊற்றுவாள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பூக்காப்பி என்று பெயர்; கஞ்சர்கள் விருந்தாளிக்குத் தருவது. அவள் கஞ்சத்தனத்தால் தருவதில்லை. என் பெயர் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதால் தருகிறாள்.

புத்தகத்தின் நடுவில், எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற இடம் இது: “எக்பர்ட்டின் தோளில் ஏறி நின்றேன். விரல் நுனிக்கு விளிம்பு அகப்பட்டது. மணப்பெண் எனக்குக் கை கொடுத்தாள்.” அவ்வளவுதான். பாறையின் அடிப்பகுதி வழித்து வைத்த மாதிரி வழுவழுவென்று இருக்கும். முதல் பிடி ரொம்ப உயரத்தில். அந்த மாதிரி இடத்தில் ஆள்மேல் ஆள் நின்று எட்டிக்கொள்ளலாம் என்பது எங்கள் மலையின் பழைய வழக்கம். இரும்பு கூடாது, ஏணி கூடாது, மனுஷன் கூடும். நான் வீலாண்டைத் தோளில் தாங்கினேன், சரி. நான் எதன்மேல் நின்றேன் என்று இத்தனை வாசகர்களில் ஒருவரும் கேட்கவில்லை. காற்றில் நின்றேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

நான் நின்றது ரோஸ்விதாவின் தோள்மேல். அடியில் நிற்கவேண்டியவன் அன்று காலை வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டான். சங்கத்தில் அப்போது பெண்களுக்கு இடமில்லை. வீலாண்டுக்கு நிச்சயித்த பெண் என்பதால் காளான் சூப்பைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கூட வந்திருந்தாள். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது வாளியைக் கீழே வைத்தாள், பாறையில் இரண்டு உள்ளங்கையையும் பதித்தாள், குனிந்தாள். நான் ஏறினேன், என்மேல் வீலாண்ட் ஏறினான். என் கால் நடுங்கியது. எனக்குக் கீழே எதுவும் நடுங்கவில்லை.

ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைப்பது உலக வழக்கம்தான். ஆனால் இங்கே ஏணியில் மேல் படிக்குப் பெயர் உண்டு, கீழ்ப் படிக்கு இல்லை. புத்தகத்தில் ‘என் மனைவி’ மூன்று இடத்தில் வருகிறாள்: ஒன்றில் அவனுடைய கால்சட்டைக்கு ஒட்டுப் போடுகிறாள், ஒன்றில் சூப் வைக்கிறாள், ஒன்றில் மழை வருமென்று சொல்கிறாள். மணப்பெண்ணுக்கோ நாற்பது பக்கம். அவள் இடுப்பு, அவள் கழுத்து, சாயங்கால வெயிலில் அவள் நிறம் என்று ஒரு கிழவன் எழுதக்கூடாததெல்லாம் எழுதியிருக்கிறான். “என் நெறம் சாயங்காலம் எப்படியிருக்கும்னு அந்த மனுஷனுக்குத் தெரியுமா?” என்று ஒருநாள் கேட்டாள். எனக்குத் தெரியும்.

எனக்கும் வீலாண்ட்மேல் வயிற்றெரிச்சல் உண்டு, மறைப்பானேன். உயிரோடிருந்தபோதே இருந்தது, செத்த பிறகு கூடிவிட்டது. நானும் ஐம்பது பாறையில் ஏறியிருக்கிறேன். எவனாவது என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறானா? தட்டுகிறவன் எல்லாம், “நீங்கதான அந்தத் தோள்?” என்று கேட்கத்தான் தட்டுகிறான்.

சென்ற மாதம் சங்கத்தின் தலைவன் ஹோல்கர் வந்தான். நல்ல பையன், நாற்பது வயது, வாய்தான் மூளைக்கு முன்னால் ஓடும். ஐம்பதாம் ஆண்டு விழா எடுக்கிறார்களாம். மைகே என்று ஒரு பெண், இப்போது எங்கள் பக்கத்தில் அவளுக்கு மேல் ஆளில்லை, வீலாண்டின் வழியிலேயே ஏறப்போகிறாளாம். வனத்துறை பாதை போட்டபோது பாறை அடியில் கல்மேடை கட்டிவிட்டதால் இப்போது ஒரே ஒரு தோள் போதும். அந்தத் தோளை நான்தான் கொடுக்கவேண்டும், புத்தகத்தில் இருக்கிற தோள் ஆயிற்றே என்றான். ரோஸ்விதா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பி, விழாவுக்கு அவள் கையால் ஐயர்ஷெக்கே செய்து தரமுடியுமா என்று கேட்டான். எங்கள் ஊர் அடுக்குக் கேக். அடியில் மாவு, நடுவில் தயிர்க்கட்டி, மேலே முட்டைப்பாகு. செய்து தருகிறேன் என்றாள். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அதுதான் சரியில்லை என்று எனக்குப் பட்டது.

அவன் போனதும் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கி நீ எது மேல நின்ன, எக்பர்ட்?”

“உன் தோள் மேல.”

“அத இவங்கிட்டச் சொன்னியா?”

புத்தகம் வந்த வாரமே சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். செத்தவர் எழுத்தில் கை வைக்கமாட்டோம் என்று சங்கம் பதில் சொல்லிவிட்டது. இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பாள், நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன்.

“அவனுக்கும் அவளுக்கும் நடுவுல நான் இருக்கக் கூடாதுன்னு விட்டுட்டான்,” என்றாள், சன்னல் பக்கம் தலையை மட்டும் சாய்த்து. “அது அவங்க ரெண்டு பேரு கதையாச்சே.”

அன்றைக்குத்தான் என் வாய் திறந்துகொண்டது. பாறையிலிருந்து இறங்கி வந்ததும் வீலாண்ட் என்ன செய்தான் என்று ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். உச்சியைத் தொட்டவன் ஆயிற்றே, நாங்கள் கை குலுக்கக் காத்திருந்தோம். அவன் நேரே அவளிடம் போனான். அவள் சட்டையின் தோளில் என் வெறுங்கால் இரண்டும் சிவப்பு மண்ணில் அச்சாகப் பதிந்திருந்தன. கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, அது போகிறவரை துடைத்தான். படகேறி இக்கரை வரும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

“அவனுக்குப் பொறாமை, ரோஸி. என் கால் உன்மேல பட்டத அவனால எழுத முடியல. அதான் விஷயம்.”

அவள் முகம் சிவந்தது. உதட்டோரத்தில் ஒரு சின்னப் பூரிப்பு கூட வந்தது. இருபத்தொரு வயசுப் பெண் ஒருத்தி அந்த முகத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். செத்தும் ஜெயிக்கிறானே பாவி என்று எனக்கு இருந்தது. அப்புறம் அவள் என் கோப்பையை இழுத்து, மிச்சமிருந்த பூக்காப்பியைத் தொட்டியில் கொட்டினாள்.

“அவனுக்குப் பொறாமைன்னா, எம் பேரு ஏன்டா போகணும்?”

நான் காலிக் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்தேன்.

விழாவன்று வானம் தெளிந்திருந்தது. முந்தின வாரம் மழை. ஈர மணற்கல்லில் கை வைத்தால் பிடி உடைந்து வரும், அதனால் பாறை நன்றாகக் காயும்வரை காத்திருந்தார்கள். ரோஸ்விதா தானே தைத்த வெள்ளைச் சட்டை, மேலே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. படகில் அக்கரை போய், கல்யாணமான பிறகு முதல் தடவையாக மணப்பெண்ணின் அடிக்கு வந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கேக் தட்டுகளைத் திறந்தாள். கூட்டம் மொய்த்தது, மொய்த்த வேகத்தில் திகைத்து நின்றது. வெட்ட வெட்டக் கேக் கூழாக ஓடியது. அடி மாவே இல்லை. தயிர்க்கட்டியும் பாகும் தட்டில் குளம் கட்டி நின்றன. ஹோல்கர் கரண்டியோடு முழித்தான்.

“கீழ இருக்கறத யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்,” என்றாள் ரோஸ்விதா. எல்லோரும் சிரித்தார்கள். ஹோல்கரும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பிறகு ஒலிபெருக்கியில் அந்த மூன்று வரியைப் படித்தார்கள். கை தட்டினார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மைகே கயிற்றைக் கட்டிக்கொண்டு, ரப்பர்க் காலணி போட்டுக்கொண்டு தயாராக நின்றாள். நான் எழுந்து கல்மேடைக்குப் போனேன். என் இடுப்பு எலும்பு மாற்றி வைத்தது. குனிந்தால் நிமிர ஆள் வேண்டும். ஆனாலும் போனேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போகாமலிருக்க நான் என்ன துறவியா?

பாறையில் கை வைக்கப் போன சமயம் பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

“நகரு. நீ நடுவுல நின்னவன்.”

கம்பளிச் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். ஹோல்கர் ஓடிவந்து, வயது, முதுகெலும்பு, காப்பீடு என்று என்னென்னவோ சொன்னான். அவள் காதில் வாங்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் பாறையில் பதித்தாள். தேடவில்லை, தடவவில்லை, முதல் தடவையிலேயே இடம் தெரிந்த கை. தலையைத் தாழ்த்தினாள். மைகே என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒரு நிமிஷம் ரோஸ்விதாவின் தோளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு விளங்கிவிட்டது.

“அம்மா, வெள்ளச் சட்ட. மேல துணி ஏதாச்சும் போட்டுக்கறீங்களா?”

“வேணாம். காலணியக் கழட்டு. மண்ணுல ஒரு தடவ நல்லா மிதிச்சுட்டு ஏறு.”

மைகே மிதித்தாள், ஏறினாள், நிமிர்ந்தாள், எட்டினாள். விளிம்பு அகப்பட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. எல்லாத் தலையும் அவளோடு சேர்ந்து மேலே மேலே போனது. நான் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் போன பிறகும் ரோஸ்விதா கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை எடுத்து, பாறையை அண்ணாந்து, உச்சிவரைக்கும் ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் திரும்பியபோது இரண்டு தோளிலும் பத்து விரலோடு கால் பதிந்திருந்தது. என் கை என்னையறியாமல் கைக்குட்டையை எடுத்துவிட்டது. அவள் தோளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

திரும்பி வருகையில் ஆற்றுக்காற்று எலும்பைக் குத்தியது. படகில் எல்லோரும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஒடுங்கியிருந்தார்கள். கம்பளிச் சட்டையை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், போட்டுக்கொள்ளவில்லை. படகின் முன்பக்கம், எல்லோருக்கும் முதுகு தெரிகிற மாதிரி இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தாள்.