தார்ப்பாய் செல்விக்கு இரண்டு சாட்சிகள்

கடையின் ஷட்டரைத் தூக்கியதும் ராமசெல்வி போனை எடுத்துத் தார்ப்பாய்ச் சுருள் ஒன்றின்மேல் சாய்த்து வைக்கிறாள். வீடியோ கால் போகிறது. மறுமுனையில் பாஸ்கர் எடுக்கிறான். "துன்னுட்டியா?" என்று இவள் கேட்க, "ம்" என்கிறான். பேச்சு அவ்வளவுதான். அதற்குப் பிறகு இவள் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து கோணி ஊசியில் நைலான் நூலைக் கோத்துக் கிழிசல் தைக்கிறாள். அவன் பாட்டுக்கு அங்கே சட்டை மடிக்கிறான், வெங்காயம் நறுக்குகிறான், சில நாள் வாயைத் திறந்தபடி தூங்கியும் போகிறான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் அடிக்கிற ஹாரனில் எதுவும் காதில் விழாது. விழ வேண்டும் என்று இருவருமே எதிர்பார்ப்பதில்லை. சார்ஜ் தீருகிற வரைக்கும் கால் ஓடும்.

நிலக்கரி, உப்பு, உர மூட்டை ஏற்றுகிற லாரிக்காரர்களுக்கு அவள் 'தார்ப்பாய் செல்வி'. நாற்பதைத் தாண்டியவள். குள்ளம். குரல் மட்டும் ஆறடி. தைக்கக் கொடுத்த டிரைவர் அவசரப்படுத்தினால், பாதி தைத்த தார்ப்பாயை அவன் தலையிலேயே போட்டு அனுப்பிவிடுவாள். வழியில் நிற்பது எவன் லாரியாக இருந்தாலும் சரி, கயிறு தளர்ந்திருப்பது கண்ணில் பட்டால் போகிற போக்கில் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் நகர்வாள். டீயை ஆறவைத்து, ஆடை படிந்த பிறகு குடிப்பாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, அதில் தாலி. தாலியோடு நாலைந்து ஊக்குகளும் ஒரு ஊசியும் தொங்கும். தொழில் சாமான் வைக்க அதைவிடத் தோதான இடம் உடம்பில் இல்லை என்பது அவள் கட்சி.

அந்தத் தாலியை யாரும் கட்டவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு கவரிங் கடையில் அவளே வாங்கிக்கொண்டது. பாஸ்கர் வெளியே பைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதை இதுதான். திருச்செந்தூர்ப் பக்கமிருந்து மளிகைக் கடை வைக்க வந்த குடும்பத்தில், காலடிப்பேட்டையில் பிறந்தவள் ராமசெல்வி. சின்ன வயதிலேயே ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்றாவது வருஷம் அவன் நெல்லூருக்குப் போய் வேறு குடும்பம் பண்ணிக்கொண்டான். விவாகரத்து வழக்குப் போட்டாள். நெல்லூருக்குப் போகிற நோட்டீசெல்லாம் 'அப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று திரும்பி வரும். கோர்ட் இன்னொரு தேதி கொடுக்கும். பேப்பரில் விளம்பரம் போட்டு முடித்துவிடலாம் என்று வக்கீல் சொன்னார். அதற்கும் வாய்தா.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தவன் பாஸ்கர். இறாலும் மீனும் ஏற்றுமதியாகிற குளிர்பெட்டிக் கன்டெய்னர்களை ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். வெயிலுக்கு ஒரு தார்ப்பாய் வாங்க வந்தவன், மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். ஒரு ஆள் எத்தனை தார்ப்பாய்தான் வாங்குவான் என்று இவளே சிரித்துவிட்டாள். சேர்ந்து இருக்கலாம் என்று முடிவு செய்து வீடு தேடினால், எங்கே போனாலும் முதல் கேள்வி, "ஃபேமிலியா?" என்பதுதான். மூன்று வீடு கைநழுவிய பிறகுதான் அந்தக் கவரிங் கடை. நாலாவது வீடு கிடைத்தது. வாடகை ஒப்பந்தத்தில் 'ராமசெல்வி, கணவர் பெயர் பாஸ்கர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஒரு பொய்யின்மேல் பதினோரு வருஷம் உண்மையாகக் குடும்பம் நடத்தினார்கள். ஊரில் உண்மையான தாலியின்மேல் பொய்யாக நடக்கிற குடும்பங்களை எண்ணிப் பார்த்தால், இது ஒன்றும் மோசமான கணக்கில்லை.

போன வருஷம் பாஸ்கருக்குத் தென்கோடியில் இருக்கிற ஒரு நாட்டுத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆகாதவர்களும் ஜோடியாக வரலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதாம். அதைக் கேட்ட அன்று ராமசெல்வி ஒரு டிரைவரையும் திட்டவில்லை. உள்ளதை உள்ளபடி எழுத ஒரு தேசமாவது இருக்கிறதே என்று விண்ணப்பத்தில் 'திருமணம் ஆகவில்லை, சேர்ந்து வாழ்கிறோம்' என்று பயமில்லாமல் எழுதினாள். பழைய கல்யாணத்தையும் முடியாத வழக்கையும்கூட மறைக்கவில்லை. பாஸ்கர் முன்னால் போய் வேலையில் சேர்ந்தான்.

அவள் விண்ணப்பத்துக்குப் பதில், போன மாதம் வந்தது. பாஸ்கர் அங்கிருந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, இவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். உங்கள் உறவு உண்மையானது என்பதில் அதிகாரிக்குத் திருப்தி இல்லை. நீங்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளில் நெருக்கம் தெரியவில்லை. திருமணம் ஆகவில்லை என்கிறீர்கள், வாடகை ஒப்பந்தத்தில் மனைவி என்று இருக்கிறது. எல்லாப் படத்திலும் கழுத்தில் தாலி இருக்கிறது. அண்டை வீட்டார் கடிதம், 'புருஷன் பெண்டாட்டி என்றால் இவர்களைப் போல இருக்க வேண்டும்' என்கிறது. ஒன்று உங்கள் விண்ணப்பம் பொய், அல்லது உங்கள் சான்றுகள் பொய். அடுத்த மாதக் கடைசிக்குள் விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி.

செய்தியில் நெருக்கம் இல்லையாம். 'கேஸ் வந்துச்சா', 'மாவு வாங்கு', 'மழ வருது மாடில துணி' என்று பதினோரு வருஷமாக அனுப்பிக்கொண்டவர்களிடம் வேறு என்ன நெருக்கத்தைத் தேடினாரோ அந்த அதிகாரி! மழை வருகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைவிட அன்யோன்யம் எந்தக் காவியத்தில் இருக்கிறது? அதற்கு முன்பு போனில் ஒரு நேர்காணலும் நடந்திருந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சுத்தத் தமிழில், தங்கள் துணைவர் படுக்கையின் எந்தப் பக்கம் உறங்குவார் என்று கேட்டார். ஒரே ஒரு ரூம், ஒரு கோரைப்பாய், கால் நீட்டினால் பீரோ. "எடம் கீற பக்கம்," என்று இவள் சொன்னாள். பதில் தெளிவில்லை என்று அதையும் கடிதத்தில் குறித்திருந்தார்கள்.

வயிறு எரியத்தான் செய்கிறது. வருஷக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தம்பதிகள் ஒரே ஒரு சான்றிதழை நீட்டிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அவர்களை யாரும் பாயின் எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை. இங்கே ஒரு வீடு கிடைக்கத் தாலி வேண்டும் என்றார்கள், போட்டுக்கொண்டாள். அங்கே போகத் தாலி இருக்கக் கூடாது என்கிறார்கள். அவள் என்ன, நாட்டுக்கு ஒரு கழுத்தா வைத்திருக்கிறாள்?

பாஸ்கர் அங்கே பார்த்த வக்கீல் ஒரு வழி சொன்னார். பழைய சாட்சிகளே உண்மையை எழுதித் தர வேண்டும். வீட்டுக்காரர் ஒருவர், கடிதம் கொடுத்த அண்டை வீட்டுக்காரி ஒருத்தி. இவர்கள் மணமாகாதவர்கள், ஆனால் ஒன்றாக வாழ்கிறவர்கள் என்று இருவரும் கையெழுத்துப் போட்டால் நல்லது, ஒருவராவது போட்டால் பிழைக்கலாம்.

வீட்டுக்காரர் பெயர் வெற்றி, கீழ்த்தளத்தில் இருக்கிறார். நல்ல மனிதர். வெள்ளம் வந்த வருஷம் இவர்கள் வாடகையைக் கேட்கவே இல்லை. ராமசெல்வி அவர் எதிரில் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ சொன்னது எதுவும் என் காதுல வுழல, தங்கச்சி," என்றார் கடைசியில். "வுழுந்துச்சுன்னு வையி, நான் வூட்ட காலி பண்ண சொல்லணும். சொன்னாதான் எனக்கு மரியாத. நீ இன்னாத்துக்கு என்ன அந்த மாதிரி ஆளாக்குற? பொண்டாட்டின்னு எழுதணுமா, பத்து கையெழுத்து போட்றேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கரிசனத்தோடு கதவைச் சாத்துகிறவரிடம் என்ன செய்வது? மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு வருஷமாக இந்த வீட்டில் தனக்குக் கிடைத்த மரியாதை எல்லாம் அந்தக் கவரிங் கடைச் சாமானுக்குக் கிடைத்தது என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. வெற்றியின் மேல் பாதி, தன் மேல் பாதி.

மிச்சம் இருந்தது பக்கத்து போர்ஷன் சாபிரா. டீக்கடைகளுக்குச் சமோசா மடித்துக் கொடுக்கிறவள், ராமசெல்வியைவிட மூத்தவள். அந்த 'புருஷன் பெண்டாட்டி என்றால்' கடிதத்தை மனசார எழுதியவள் அவள்தான். இந்த அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் விமானமும் இல்லை, அந்த நாடும் இல்லை. பாஸ்கர் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டான். அதுதான் அவளால் தாங்க முடியாதது.

ராமசெல்வி சொன்னதையெல்லாம் சாபிரா மைதாப் பட்டியை மடித்தபடியே கேட்டுக்கொண்டாள். ஆச்சரியப்படவில்லை.

"எனுக்கு தெரியும் செல்வி."

எப்போதிலிருந்து என்று கேட்டாள் இவள்.

"கட்ன புருசன் எவனாச்சும் மொட்டமாடில குந்திக்கினு பொண்டாட்டிக்கு கால் புடிச்சி வுடுவானா? அப்பவே எனுக்கு சந்தேகம்," என்று சிரித்தாள் சாபிரா. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். மடித்துக்கொண்டிருந்ததைத் தட்டில் வைத்தாள். "நெசமா தெரிஞ்சது வெள்ளத்தப்போ. ஒன் மொத புருசன் வந்தான்."

எண்ணெய் மிதந்த வெள்ளம் வடிந்த அந்த டிசம்பரில், கார்டுக்கு நிவாரணப் பணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். ராமசெல்வியின் பழைய ரேஷன் கார்டில் தன் பெயர் இருப்பது நெல்லூர்க்காரனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. விசாரித்துக்கொண்டு இந்த மாடிப்படி வரைக்கும் ஏறி வந்துவிட்டான். ராமசெல்வி கடையில் இருந்தாள், பாஸ்கர் கன்டெய்னர் யார்டில் இருந்தான். படியில் நின்றவள் சாபிரா.

"ராமசெல்வின்னு இங்க யாருமே கெடையாதுன்ட்டேன். போன்ல படம் காட்னான். அப்பயும் இல்லன்ட்டேன். தெருமுன வரிக்கும் கூடவே போயி பஸ் ஏத்தி வுட்டேன். அவன் வந்தான்னு தெரிஞ்சா ஒன் மானம் போய்டும்னு ஒங்கிட்டயும் சொல்லல."

ராமசெல்வி விரல் விட்டு எண்ணினாள். எத்தனை நோட்டீஸ், எத்தனை வாய்தா! அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று தபால்காரன் தேடியும் கிடைக்காத அந்த ஆள், தானாக நடந்து அவள் வாசலுக்கு வந்திருக்கிறான். பணத்துக்காக வந்தவன், அதில் கொஞ்சம் காட்டியிருந்தால் எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டிருப்பான். வழக்கு முடிந்திருக்கும். பாஸ்கரோடு பதிவு அலுவலகத்துக்கு நேராகப் போயிருப்பாள். இன்றைக்கு எந்த அதிகாரியும் அவளை நோக்கி விரலை நீட்டியிருக்க மாட்டான். எல்லாவற்றையும் இந்த அக்கா, அவள் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

விஷயம் என்னவென்று ராமசெல்வி மெதுவாகச் சொன்னபோது, சாபிரா தட்டைத் தள்ளி வைத்தாள். நெல்லூர்க்காரனை வழக்குக்காகத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. யார் சொன்னார்கள் அவளிடம்? கணவனோடு குடும்பம் நடத்துகிறவள் விவாகரத்து வழக்கைப் பற்றி அண்டை வீட்டில் பேச முடியுமா? வாயை மூடி வைத்தது ஊர். அந்த ஊர், வெள்ளைச் சட்டை கசங்காமல், எங்கேயோ சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

சாபிரா மைதா ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். குனிந்து எழுதினாள். இவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எனக்கு அது தெரியும் என்று எழுதினாள். ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் இருக்கிறார்கள், இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன் வேலைக்குப் போகவில்லை, மொட்டை மாடியில் கால் பிடித்துவிடுவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று எழுதினாள். முதல் கணவன் உயிரோடு இருக்கிறான், அவனை நான் நேரில் பார்த்தேன் என்பதையும் விடவில்லை. அதோடு முடிக்கவில்லை. பிறகு, 'அவனைத் துரத்தி விட்டது நான். இவள் கல்யாணம் கெட்டது என்னால்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை நகர்த்தினாள். தலையை நிமிர்த்தவில்லை.

ராமசெல்வி படித்தாள். படிக்கப் படிக்க அவள் தாடை இறுகியது. எந்த டிரைவரையும் பார்க்காத பார்வை அது.

"இத்த எழுத சொல்லி எவன் கேட்டான் ஒன்ன?" என்றாள்.

பேனாவைப் பிடுங்கி, அந்தக் கடைசி இரண்டு வரியையும் அடித்தாள். தாள் கிழிந்து பேனா தரையில் கோடு போடுகிற வரைக்கும் அடித்தாள். பிறகு வேறொரு தாளை எடுத்துச் சாபிராவின் முன்னால் வைத்து, அது பறக்காமல் இருக்க ஒரு ஓரத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.