வலப்பக்கம் அழிக்க வேண்டிய எண்

மகள் பிறந்த பிறகு நான் முதலில் கேட்டுப் போனது அரூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. அது கிடைக்காவிட்டால் சேலம் பக்கம்தான் தேட வேண்டும். பால் குடிக்கும் பிள்ளையை விட்டு அவ்வளவு தூரம் போக மனம் இல்லை. ஆக, எல்லாம் அந்த ஒரு டெமோ வகுப்பில்தான் இருந்தது.

ஏழாம் வகுப்பு, பாடம் பகா எண்கள். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் என் கணவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். பலகையில் 73939133 என்று எழுதினேன். கல்லூரி நாளிலிருந்து எனக்குப் பிடித்த எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாது. வலக்கோடியில் உள்ள இலக்கத்தை அழித்தால் மிஞ்சுவதும் பகா எண்தான். அதிலும் கடைசியை அழித்தால் அதுவும். 7 மட்டும் நிற்கும்வரை இப்படியே.

"ஒரு இலக்கத்த அழிக்கறேன். மிச்சமும் பகா எண்தான், பாருங்க" என்றேன். அந்த நேரம் பார்த்து வெளியே மகள் வீறிட்டாள். பசியா, எறும்பு கடித்ததா, கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் பால் கொடுத்திருக்கலாமோ? கதவு இடப்பக்கம். அதைப் பார்த்தபடியே டஸ்டரால் துடைத்தேன். போனது முன்னால் இருந்த 7.

"மிஸ், இது பதினொன்னுல போவுதுங்க" என்றாள் முன் பெஞ்சில் ஒருத்தி.

பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள். "சும்மா இருடி. வந்தவங்களயும் ஓட்டிவுட்டுருவ போல."

வகுப்பு சிரித்தது. திரும்பிப் பார்த்தேன்: 3939133. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒரு தொகை பத்து, மற்றது இருபத்தொன்று. வித்தியாசம் பதினொன்று; அப்படியானால் எண்ணும் பதினொன்றால் வகுபடும். எனக்குக் காது சுட்டது. சமாளிக்கலாமா என்று தோன்றியது. எப்படி என்று தெரியவில்லை.

"ஆமா கண்ணு, பக்கம் மாத்தி அழிச்சுட்டேன்" என்று முழு எண்ணையும் மறுபடி எழுதி, வலப்பக்கமாக அழித்துக்கொண்டே வந்தேன். 7இல் நின்றதும் அவளே கேட்டாள்: "அப்ப பின்னால சேத்துக்கிட்டே போனா முடிவே இருக்காதுங்களா மிஸ்?"

நான் தயார் செய்து வராத கேள்வி. ஆனால் பதில் தெரியும். 73939133ஓடு முடிந்துவிடும்; அதன் பின்னால் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் பகா எண் வராது. "நீங்களே சேத்துப் பாருங்க" என்றேன். இரட்டைப்படை இலக்கங்களும் ஐந்தும் உடனே கழிந்தன. ஒன்றையோ ஏழையோ சேர்த்தால் மூன்றில் போகிறது என்று பின்னாலிருந்து ஒரு குரல். மூன்றும் ஒன்பதும் மட்டும் மசியவில்லை. பிள்ளைகள் வகுத்துக்கொண்டே இருக்கையில் மணி அடித்தது. வெளியே அழுகை எப்போது நின்றது என்றே நான் கவனிக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அப்படிப் பிள்ளையை மறந்து நின்றது அன்றுதான். அதற்காகவே அந்தப் பெண்ணுக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்கிறேன்.

"நாளைக்கு வருவீங்களாங்க மிஸ்? மூணும் ஒம்பதும் பாக்கி கெடக்குது" என்றாள் அவள்.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். தலைமையாசிரியையும் ஒரு தாளில் வகுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இல்ல, திங்கக்கெழமையிலருந்து வருவாங்க" என்றார் தலை நிமிராமலே. "அதுக்குள்ள எனக்கு வருதான்னு பாக்கறேன்."