கைப்பட்டையில் இருந்த எண்

மருத்துவமனையில் அக்காவின் மணிக்கட்டில் கட்டிய பிளாஸ்டிக் பட்டையில் 3456057 என்று அச்சிட்டிருந்தது. ஸ்கேனானாலும் ரத்தப் பரிசோதனையானாலும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

அக்கா கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் நாங்கள் இருவர்தான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் நாள்களில் நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

முதல் நாள் மருந்து இறங்க ஆரம்பித்ததும் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கூட்டினா முப்பது வருது. மூணால போகும்." சற்றுக் கழித்து, "பதினொண்ணாலயும் போகும்டி. ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டிப் பாரு. இந்தப் பக்கமும் பதினஞ்சு, அந்தப் பக்கமும் பதினஞ்சு."

மூன்றாலும் பதினொன்றாலும் வகுத்தபின் 104729 வந்து நின்றது. அதை உடைக்கப் பார்த்தாள். ஏழால் போகவில்லை, பதின்மூன்றாலும் போகவில்லை.

"முந்நூத்தி இருபத்தி மூணு வரைக்கும் பாத்தா போதும். அதுக்கு மேல ஒண்ணு வகுத்தா, ஜோடியா கீழ ஒண்ணு வகுத்திருக்கணும்ல."

எல்லாம் மனக்கணக்கு. அன்றே நாற்பதைத் தாண்டிவிட்டாள். எதிர்ப் படுக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவரை நாங்கள் இருவரும் பார்க்காமல் இருக்க அது உதவியது.

மழைக்காலத்துக்குள் முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஒரு நாள் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, நோய் ஈரலுக்கும் பரவிவிட்டது, மருந்து கேட்கவில்லை என்றார். உள்ளே வந்தேன். எந்த எண்ணில் விட்டோம் என்பது மறந்துபோய், அக்கா மறுபடி முதலிலிருந்து வகுத்துக்கொண்டிருந்தாள். பதினேழில் நின்றிருந்தாள்.

"மீதி ஒம்போது." கண்ணை மூடினாள். "இல்ல, நாலு." உதடு மீண்டும் அசைந்தது. "இப்ப ஒண்ணு வருதே."

முதலில் சொன்னதுதான் சரி.

"பதினேழாம் வாய்ப்பாடே போயிடுச்சு" என்றாள். அழவில்லை. "போன்ல பாத்துச் சொல்லு."

வகுப்பில் கால்குலேட்டரைக் கண்டாலே பிடுங்கி வைக்கிறவள் அவள். பார்த்தேன்.

"ப்ரைம் நம்பர்க்கா. எதாலயும் போகாது."

"எவ்ளோ நாள் போட்டாலும் வந்திருக்காது."

"ஆமாக்கா."

சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "டாக்டர் வெளிய கூப்ட்டு என்ன சொன்னாரு?"

உள்ளே வரும்போது யோசித்து வைத்திருந்த பொய் எதுவும் அப்போது வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அடுத்த தடவ வர வேணாம். வீட்லயே இருந்துக்கறேன்" என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள். கல்லறையிலிருந்து திரும்பிய மாலை, அவளோடு வேலை பார்த்த டீச்சர்கள் சோறு கொண்டுவந்து பரிமாறிவிட்டுப் போனார்கள். அவள் அறையை வாடகைக்கு விடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை.