தேங்காய் எண்ணெய் விட்ட பிரேக்

அன்று கம்பம்மெட்டு மலைப்பாதையில் இருந்தது இரண்டே பேர்: வண்டி ஓட்டிய மச்சான், பின்னால் உட்கார்ந்திருந்த நான். அந்த வண்டியை அன்று பார்த்திருக்க வேண்டிய மெக்கானிக், தேவாரத்தில் தன் தங்கச்சி கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருந்தார்.

இப்போது எதற்கு இது என்கிறீர்களா? போன வாரம் கம்பத்தில் நேந்திரம் சிப்ஸ் கடையைத் தாண்டினேன். வாணலியில் தேங்காய் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் வாய் ஊறும். எனக்கு உள்ளங்கை வியர்க்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். ரேஷன் கார்டிலிருந்து பூச்சிமருந்து டப்பா வரை எதைப் படிக்கவும் என்னிடம்தான் வருவார்கள். ‘தெரியாது’ என்று சொல்ல மட்டும் நான் எங்கும் படிக்கவில்லை.

அந்த ஞாயிறு ராயப்பன்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சானுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை. ஆளுக்கு முந்தி அவருடைய வண்டிச் சத்தம்தான் வீட்டுக்கு வரும். அன்று முன்சக்கரத்தில் இரண்டு சத்தம். பிரேக் பிடித்தால் கிறீச். பிடிக்காமலேயே அடியில் ஒரு கொர்ர்.

“என்னா மாப்ள, பேரிங்கா இருக்குமோ?” என்றார் மச்சான்.

“பிரேக் ஷூ மச்சான். காஞ்சு கெடக்கு. மத்தது டயர் சத்தம்.”

அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். “அவன் படிக்கிறதே அதத்தான? அவன் சொல்றபடி செய்யுங்க.”

சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஷூவை நான் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் கதவு கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய். பாலிடெக்னிக் படத்தை விட்டுவிட்டு வீட்டு வைத்தியத்தைச் செய்தேன். அக்கா கிண்ணத்தில் கொடுத்ததை இரண்டு ஷூவிலும் நன்றாகத் தடவினேன். திரும்ப மாட்டிப் பிரேக் பிடித்துப் பார்த்தேன், கிறீச் சத்தமே இல்லை. அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பெருமை தாங்காமல் நானும் மச்சானோடு தோட்டத்துக்குக் கிளம்பினேன். மலை ஏறும்போது யாரும் அதிகம் பிரேக் பிடிப்பதில்லை. அதனால் ஏறி முடிக்கும்வரை நான் இன்ஜினியர்தான்.

இறங்கும்போது முதல் வளைவிலேயே மச்சானின் தோள் இறுகியது. அவர் வலதுகை விரல்கள் முழுக்க மடங்கியிருந்தன. வண்டி அதைச் சட்டை செய்யவில்லை. அடுத்த வளைவில் ஹேண்டில் நடுங்கியது. கொர்ர் இப்போது என் கால் வழியாக ஏறியது. அதோடு அந்த வாசனை, அப்பளம் பொரிக்கிற மாதிரி. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: எண்ணெய் பட்ட ஷூ வழுக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. சொல்ல வாய் வரவில்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. இடப்பக்கம் பள்ளத்தில் கம்பம் ஊர் சின்னதாகத் தெரிந்தது.

கீழிருந்து பஸ் ஹாரன் கேட்டபோதுதான் கத்தினேன். “மச்சான், முன்பிரேக்க நம்பாதீக! எண்ணெய் தடவிருக்கேன்!”

 மச்சான் கியரை இறக்கினார். பின்பிரேக்கில் ஏறி நின்றார். பின்டயர் சாலையில் இழுத்துக்கொண்டே போனது. பஸ் என் முழங்காலை உரசாத குறையாக ஏறிப்போக, பாலச்சுவரில் முட்டி நின்றோம்.

 இறங்கி ஸ்டாண்டு போட்டோம். அவர் பின்சீட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தைத் தூக்கிக் கொடுத்தார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். டக், டக். காலையிலேயே செய்திருக்க வேண்டியது, அரை நிமிட வேலை.

“பேரிங் மச்சான்.”

“தெரியும்லே. நாலு வருசமா ஓட்டுறேன், என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“பெறகு ஏன் அடிச்சுச் சொல்லல?”

“படிச்ச புள்ள சொல்றப்ப நான் என்னத்தச் சொல்ல?”

மறுநாள் மெக்கானிக் சக்கரத்தைத் திறந்து மோந்து பார்த்தார். “யாருய்யா பிரேக்கத் தாளிச்சு வச்சது?”

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான், “நாந்தேன்” என்றார்.

“கூறு இருக்கா உமக்கு? வீட்டுக்குள்ள படிச்ச மச்சினன வச்சுக்கிட்டு, ஒரு வார்த்த கேட்டுச் செய்யக் கூடாதா?”

மச்சான் தலையாட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வண்டி எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மெக்கானிக் கடை இருந்த இடத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். நான் எதைச் சொன்னாலும் அக்கா மகள் போனில் ஒருமுறை தேடிப் பார்த்துத்தான் நம்புகிறாள். நல்லதுதான். அவள் அப்பா அன்று அப்படிச் சரிபார்க்கவில்லை.

பேரிங் இரண்டு, ஷூ ஒரு ஜோடி, கூலி, மலையிலிருந்து வண்டியை ஏற்றி வந்த ஜீப் வாடகை. எல்லாம் சேர்த்து, அப்போது மச்சானின் ஐந்து நாள் சம்பளம்: நானூற்றுப் பத்து ரூபாய்.