பம்பைமேல் கட்டிய கிட்டார் கம்பி

என் கடைக் கண்ணாடி அலமாரியில் ஒரு பழைய பம்பை இருக்கிறது. அதன் தோலுக்குக் குறுக்கே துருப்பிடித்த ஒரு கம்பி. வருகிறவர்கள், "அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் துடைத்து வைக்கக் கூடாதா?" என்பார்கள். அது கிட்டார் கம்பி. யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் ஐம்பதுகளின் கடைசியில் திண்டிவனத்தில் மைக் செட் என்றால் நான்தான். மயிலம் மலையில் நான் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டால் கீழே மூன்று ஊருக்குக் கேட்கும். 'நான் கை வைத்து நடக்காத காரியமில்லை' என்று மார்தட்டித் திரிந்தேன். அப்படித் திரியும் தகுதி எனக்கு இருந்தது.

கல்யாண ஊர்வலங்களுக்கு என்னோடு வந்தவர் வளவனூர்ப் பக்கத்துப் பம்பைக்காரர். ஒருநாள் ஊர்வலம் முடித்துத் திரும்பும் வழியில், கிராமபோன் ஒன்றைப் பழுது பார்க்க விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனோம். அது ஓர் ஆங்கிலோ இந்தியரின் வீடு. ரயிலில் கார்டு வேலை; ஊருக்கே அவர் கார்டு துரை. நான் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் கிட்டாரை எடுத்து, அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் குதிரைமேல் போய்க்கொண்டே பாடும் பாட்டு என்று ஒன்றைப் பாடினார். குதிரை நடை போலவே ஒரே சீராகப் போனது.

பம்பைக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "பாட்டு நல்லாத்தான் கீது. ஆனா குண்டும் குழியும் இல்லாத ரோட்டுல போவுதே" என்று சொல்லிவிட்டு, பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டார். துரை அழுத்துகிற இடத்தில் அவர் அடிக்கவில்லை. குதிரை காலைத் தூக்கி இன்னும் கீழே வைக்காத அந்த இடைவெளியில் ஒரு தட்டு. துரையின் கை நின்றுவிட்டது.

"அது என்னா மேன்? மறுபடி அடி!"

அன்று சாயங்காலம்வரை ஓயவில்லை. கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தது. துரை அதையே பம்பைத் தோல்மேல் இழுத்துக் கட்டினார். தட்டினால் வண்டு சுற்றுகிற மாதிரி ஒரு ரீங்காரம் சேர்ந்து வந்தது. பிறகு ஊர்வலங்களில் இரண்டு பேரையும் சேர்த்தே இறக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகம் சுளிப்பார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் கிழவர்கள்கூட ஆட ஆரம்பித்துவிடுவார்கள்.

சில வருஷம் கழித்துத் துரை குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். குவார்ட்டர்ஸ்காரர்கள் வழியனுப்பு விழா வைத்தார்கள். முடிந்த கையோடு மெட்ராஸுக்கு ரயில், மறுநாள் கப்பல். "கடைசியா ஒரு தடவை அவன்கூட வாசிக்கணும்" என்றார் துரை. "அழைத்து வருவது என் பொறுப்பு" என்றேன்.

விழா அன்று கார் எடுத்துக்கொண்டு போனேன். பம்பைக்காரர் ஊரில் அம்மை கண்டிருந்தது. மாரியம்மனுக்கு அவசரமாகக் காப்புக் கட்டி, எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது, வெளியாள் உள்ளே போகக் கூடாது. பம்பைக்காரர் கையில் மஞ்சள் காப்போடு தோரணத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு மணி நேரம். ஜல்தியா கொண்டாந்து உட்டுடறேன்" என்று கெஞ்சினேன்.

"ஆத்தா தெருவுல நடந்துக்கினு இருக்கா. நான் எப்படிய்யா வர்றது? அவரும் புள்ளகுட்டிக்காரரு, இங்க இட்டாந்துடாதே." பிறகு சிரித்தார். "மூணு ஊருக்குக் கேக்கும்னு பீத்திக்குவியே. கொழாய எங்க ஊர்ப்பக்கமா திருப்பி வையேன்."

திருப்பித்தான் வைத்தேன். அத்தனை மைலுக்கு எட்டாது என்று தெரிந்தும், குவார்ட்டர்ஸ் மாமரத்தில் ஏறி ஒரு குழாயை வளவனூர்ப் பக்கம் கட்டினேன். விஷயத்தைச் சொன்னேன்; துரை அதை அண்ணாந்து பார்த்தார். அந்தக் குதிரைப் பாட்டைத் தொடங்கி, பம்பை விழ வேண்டிய இடங்களில் எல்லாம் கையை எடுத்துச் சும்மா இருந்தார். துரைக்குப் பாட்டு மறந்துவிட்டது என்று பின்வரிசையில் சிரித்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

காப்பு அவிழ்த்ததும் பம்பைக்காரர் நேராக என் கடைக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"எடம் உட்டு வாசிச்சாரா?"

"உட்டாரு அண்ணே. ஒண்ணு தவறாம."

தலையாட்டிக்கொண்டார். அதன்பின் எத்தனையோ பேர் கிட்டாரோடு வந்தும் அவர் யாரோடும் சேர்ந்து அடிக்கவில்லை. கோயிலுக்கு மட்டும் வேறு பம்பை அடித்தார். இதை என்னிடம் கொடுத்துவிட்டார். துரையிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

இன்று என் கடையில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகளைப் போட்டால் தெருவே அதிரும். என்னைப் போல் வளர்ந்தவன் இந்தப் பக்கத்தில் இல்லை; யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு எட்டாத அந்தச் சில மைல் எனக்கு இன்னும் எட்டவில்லை. பெரிய பெட்டியைச் சோதிக்கும்போது அலமாரிக்குள் அந்தத் துருக்கம்பி தானாக முனகும். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அது அடங்கும்வரை காத்திருப்பேன்.