அலுமாரியில் தங்க மூடிப் போத்தல்கள்

தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அந்தக் குளிசைப் போத்தல்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தங்க நிற மூடி, உள்ளே செம்மஞ்சள் குளிசைகள். கோஎன்சைம் கியூ பத்து என்று பெயர். அம்மா அவற்றை அலுமாரியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டி, "என்ர பிள்ளை அனுப்பினது" என்பார். சீனி வருத்தத்துக்கு அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு அலைகிற நான் யாருடைய பிள்ளையோ தெரியாது.

அம்மாவுக்குக் கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்த நேரம் அது. ஒருநாள் சந்தைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். மற்றது கழன்றது அவருக்குத் தெரியவேயில்லை. பிறகு பாதம் எரிகிறது என்றார். பிறகு கிணற்றடியில் விழுந்தார். சும்மா இருக்கவே களைப்பு, வாயெல்லாம் புண், தடிமன், இருமல் பிடித்தால் லேசில் விடாது.

தம்பி வீடியோ கோலில் எனக்குப் பாடம் எடுத்தான். "அக்கா, கலத்துக்குள்ள இழைமணி எண்டு ஒண்டிருக்கு. அதுதான் சக்தியைச் செய்யிறது. கியூ பத்து இருந்தாத்தான் அது ஒழுங்கா வேலை செய்யும். நோய் எதிர்ப்புச் சக்தியும் கூடும்."

பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற என்னிடம் இழைமணி கதைக்கிறான்!

"அது உடம்பு தானே செய்யிற சாமானடா. அம்மாவுக்குக் குறையிறது வேற" என்றேன்.

"உங்களுக்கு அந்தப் பழைய புத்தகத்தில இருக்கிறதுதான் தெரியும்" என்றான். அன்றைக்கு அவன் பக்கத்தில் இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

அவன் விமானம் ஏறின அன்றே அம்மா சல்லி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர். அங்கே தங்குகிற விசா கிடைத்தால்தான் பிள்ளை ஊருக்கு வந்துபோகலாம்; அது கிடைக்கும் வரைக்கும் மச்சம் தொடுவதில்லை. மீன், இறைச்சி மட்டுமில்லை, முட்டையும் இல்லை. பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, வெறும் தேத்தண்ணிதான். பாரை மீன் தலைக்கு எங்களோடு சண்டை பிடித்த மனுசி, மீன்காரரின் சைக்கிள் சத்தம் கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். ஒவ்வொரு கோலிலும் "விசா விசயம் என்னடா தம்பி?" என்று கேட்பார். "இழுபடுது அம்மா" என்பான். அப்படியே வருசங்கள் போயின.

கிளினிக்கில் இரத்தம் சோதித்த டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார். "விற்றமின் பி பன்னிரண்டு அடிமட்டத்தில நிக்குது. சீனி வருத்தத்துக்குப் போடுற குளிசையும் அதை உடம்பில சேரவிடாது. சாப்பாட்டிலயும் இவவுக்கு ஒண்டும் வரேல்ல. ரத்தம் ஊற, நரம்பைக் காப்பாத்த, கிருமியோட மல்லுக்கட்ட எல்லாத்துக்கும் அது வேணும்."

நான் தங்க மூடிப் போத்தலைப் பற்றிக் கேட்டேன். "ரெண்டும் துணைநொதியம், கோஎன்சைம் எண்டுதான் சொல்லுறது. ஆனா ஒண்டின்ர வேலையை மற்றது செய்யாது. ஊசி போடுவம். மீன், முட்டையும் குடுக்கத் தொடங்குங்கோ. செத்துப்போன நரம்பு எவ்வளவு திரும்பும் எண்டு என்னால சொல்லேலாது."

எஞ்சினில் பிளக் பழுது; இவன் வருசக்கணக்கில் ஒயில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்.

பின்னேரம் அவனுக்குக் கோல் எடுத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். "உன்ர விசாவுக்கு வைச்ச நேர்த்தியாலதான் அம்மான்ர கால் போகுது. டொக்டர் மீன் குடுக்கட்டாம். அவ தொடமாட்டா. உந்தப் போத்தலுகளை நீயே வைச்சு முழுங்கு!"



"மீனைக் குடுங்கோ அக்கா" என்றான். "எனக்கு விசா கிடைச்சிட்டுது."

"எப்ப?"

"கொரோனாவுக்கு முந்தியே."

"ஏன்ரா சொல்லேல்ல?"

"சொன்னா அம்மா வா வா எண்டு நிப்பா. எனக்கு அங்க வர விருப்பமில்லை."

அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுத ஏலாது.

அடுத்த நாள் காலையில் நல்ல பாரையாகப் பார்த்து வாங்கிவந்து, தலையைப் போட்டுக் குழம்பு வைத்து, அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "அம்மா, தம்பிக்கு விசா கிடைச்சு எவ்வளவோ காலமாம். நேர்த்தி முடிஞ்சுது. சாப்பிடுங்கோ."

அம்மா மீனைப் பார்த்தார். பிறகு என்னை, ஒரு எதிரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"என்னைத் தின்ன வைக்கிறதுக்காக அவனில பழி போடாதை. கிடைச்சிருந்தா என்ர பிள்ளை வந்திருப்பான்."

அவன் வாயாலேயே சொல்லட்டும் என்று அம்மாவின் முன்னாலேயே கோல் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பவும் எடுத்தேன். அவன் எடுக்கவில்லை.

அம்மா குழம்புக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினார். சுவரைப் பிடித்துப் பிடித்து அலுமாரியடிக்கு நடந்துபோய், தங்க மூடியைத் திறந்து, ஒரு குளிசையை எடுத்து விழுங்கினார்.