முள் இல்லாத மணிக்கூடு

வாசமில்லாத சவர்க்காரம் கிளிநொச்சியில் எங்கே கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். போன மாதம் நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். சந்தனம், மல்லிகை, வேப்பிலை, எலுமிச்சை எல்லாம் இருந்தன, சும்மா சவர்க்காரம் மட்டும் இல்லை. கடைசியில் ஒரு மருந்துக்கடையில் இருந்த பெண் குழந்தைகளுக்குப் பூசும் சவர்க்காரம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"பிள்ளைக்கு எத்தினை மாசம்?"

"இருபத்தாறு வயசு," என்று சொல்லிச் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். முன்கையில் பச்சை குத்தி நாலு நாள் ஆகியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே மிச்சக் காசைத் தந்தார்.

குத்திவிட்டவர் சட்டங்கள் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வேளை கழுவ வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது. வெயில் படக் கூடாது, குளத்தில் இறங்கக் கூடாது. அரித்தால் சொறியாமல் மெல்லத் தட்ட வேண்டும். விசுவமடுவில் தண்ணீர்ப் பம்பி திருத்திப் பிழைக்கிற ஒருவனுக்கு இதைச் சொல்கிறார்! விடிந்தால் கிறீஸும் சேறும்தான் எனக்கு. கொளுத்தும் வெயிலில் நீளக்கைச் சட்டையோடு, கையைத் தட்டித் தட்டித் திரிந்த என்னைப் பார்த்தவர்கள் எனக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அன்று கிணற்றடியில் அந்தச் சவர்க்காரத்தை நனைத்தேன். அதற்கும் ஒரு மணம் இருந்தது. பால்மாவும் பவுடரும் கலந்த மாதிரி, மெல்லிய மணம். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன். வவுனியா முகாமில் நிவாரணப் பையோடு தந்த சவர்க்காரத்தின் மணம் அது.

முகாமுக்கு முன்னால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போரின் கடைசி மாதங்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினாறு. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் வந்து சேர்ந்தபோது எங்களிடம் கூடாரம் போட ஒரு தறப்பாளும் இரண்டு பானைகளும்தான் மிஞ்சியிருந்தன. அக்காவிடம் மட்டும் சோதனை எழுத வாங்கிய நீலப் பேனை ஒன்று இருந்தது. சோதனை நடக்கவில்லை, பேனையை அவள் விடவுமில்லை. பதுங்கு குழிக்குள் நான் அழத் தொடங்கினால் என் இடது கையைப் பிடித்து இழுத்து, முழங்கைக்குக் கீழே சதைப்பிடிப்பான இடத்தில் ஒரு மணிக்கூடு கீறுவாள். மணிக்கட்டில் கீறச் சொன்னால், "உன்ரை எலும்பிலை மணிக்கூடு கீறேலாது, குண்டூசிதான் கீறலாம்," என்பாள். முதலில் பன்னிரண்டைப் பெரிதாக எழுதுவாள். ஒன்பதுக்கு வரும்போது இடம் போதாது. வாரில் எப்போதும் ஐந்து ஓட்டைகள். முள்ளைக் கடைசியில்தான் போடுவாள், ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்துக்கு.

"அக்கா, எப்ப வீட்டை போவம்?"

"இதிலை காட்டுற நேரம் வரேக்கை. நான் கூட்டிக்கொண்டு போவன்."

"இது ஓடேல்லையே?"

"நீ கையை ஆட்டாமல் வைச்சிரு, ஓடும்."

நானும் கையை ஆட்டாமல் இருந்தேன். தினமும் ஏமாந்தேன், தினமும் நம்பினேன். என் புத்தி அப்படி. ஒரு நாள் காலை மணிக்கூட்டைக் கீறி முடித்துவிட்டு, கஞ்சி வாங்க வாளியோடு போனாள். வரிசை நின்ற பக்கம் ஷெல் விழுந்தது. அம்மா ஓடிப்போய்த் தேடினார். அக்காவும் இல்லை, வாளியும் இல்லை. காயப்பட்டவர்களோடு ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா இன்றுவரை இருக்கிறார்.

அன்றிலிருந்து நான் கையில் தண்ணீர் படவிடவில்லை. பொலித்தீன் பையால் சுற்றிக் கட்டிக்கொண்டேன். உண்மையில் நான் பராமரித்த முதல் பச்சை அதுதான், எனக்குச் சட்டம் சொல்லத்தான் ஆளில்லை. முகாமுக்கு வந்தபோது உடம்பு முழுக்கச் சொறி. ஒரு நாள் தண்ணீர் பவுசர் வண்டி வந்ததும் அம்மா என்னைப் பிடித்து இருத்திப் பையை அவிழ்த்தார்.

"அம்மா, அது அக்கா கீறினது!"

"அக்கா வந்து புதுசாக் கீறித் தருவா. கையை நீட்டு."

அவ்வளவு நம்பிக்கையோடுதான் தேய்த்தார். நீலம் நுரையோடு ஓடி மண்ணுக்குள் போனது. அந்தச் சவர்க்காரத்தின் மணம்தான், சொன்னேனே.

பச்சை குத்த வேண்டும் என்று இரண்டு வருடம் யோசித்தேன். என் வயதுக்காரர் வேல் குத்தினார்கள், சிங்கம் குத்தினார்கள். நான் பழைய கொப்பிகளில் மணிக்கூடாகக் கீறிக் கீறிக் கிழித்தேன். ஒருவழியாக வவுனியாவில் சலூன் ஒன்றின் மாடியில் போய்க் கையை நீட்டினேன். குத்துகிறவருக்கு என் கடதாசியைப் பிடிக்கவில்லை.

"அண்ணை, வட்டம் கோணலாக் கிடக்கு. நான் வடிவா ஒண்டு கீறித் தாறன்."

"கோணலாத்தான் வேணும்."

"பிறகு ஆக்கள் என்னையெல்லோ பேசுவினம்? சரி, முள்ளு எத்தினை மணிக்கு வைக்க?"

ஐந்து ஓட்டைகள் நினைவிருந்தன, நெருக்கிப்பிடித்த ஒன்பது நினைவிருந்தது. அந்தக் கடைசிக் காலை முள் எங்கே நின்றது என்பது மட்டும் என்னிடம் இல்லை. அத்தனை நாள் கட்டிக் காத்தவன் அதைப் போய் மறந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. முள்ளை விட்டுவிட்டுக் குத்தச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் அக்காவின் படத்துக்கு மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. அது அலுமாரியின் மேல் என் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் வந்து கையைக் காட்டியபோது அம்மா அந்தப் படத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"அவள் வந்து கீறுவாள் எண்டுதானே அண்டைக்கு அழிச்சனான். நீ குத்திக்கொண்டு வந்து நிக்கிறாய். இனி அவள் வந்தா எங்கை கீறுறது?"

அம்மாவுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்த மடையன் நான். நாலு நாள் அம்மா என் கைப்பக்கம் திரும்பவில்லை.

சவர்க்காரத்தை மணந்துவிட்டு நான் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டேன் என்றேனே, அங்கே அம்மா வந்துவிட்டார். சவர்க்காரத்தை வாங்கினார், ஒருமுறை மணந்தார், முகம் மாறியது. பிறகு என் கையைத் தன் மடியில் வைத்து, பெருவிரல் நுனியால் தொட்டும் தொடாமலும் கழுவினார். நுரை வெள்ளையாகவே ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முள்ளு எங்கையடா?"

"மறந்திட்டன் அம்மா."

"பத்தேகால்," என்றார். "தேய்க்கேக்கை பார்த்தனான்."

பதினேழு வருடமாக அம்மா அதைத் தன்னோடு வைத்திருந்திருக்கிறார். நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

"போய் முள்ளுப் போட்டுக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம். அதை அவளுக்கு விடு."

சேலைத் தலைப்பால் கையை ஒற்றினார். துணி படக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

இப்போது பொருக்கு உதிர்ந்து தோல் ஆறிவிட்டது. காலை பத்தேகாலுக்கு நான் எங்கேயாவது ஒரு தோட்டத்தில் பம்பியைக் கழற்றிக்கொண்டிருப்பேன். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் வருகிறது. நாங்களும் எங்கள் காணிக்கே திரும்பி வந்துவிட்டோம். கூட்டிக்கொண்டு போவேன் என்று சொன்னவள்தான் வரவில்லை.